துணி காயப்போட இன்னொரு மெஷினா? ரோயிங் மெஷின் வாங்கும் முன் அளக்க வேண்டியவை

சென்னை பல்லாவரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. இரண்டாவது மாடியில் இரண்டு படுக்கையறை வீடு. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் அப்பா மொபைலோடு சோபாவில் சாய்ந்தார்.

“சீட்டுப் பணத்துல இருபதாயிரம் ஒதுக்கிடலாம். ரோயிங் மெஷின்னு ஒண்ணு வருது. படகு ஓட்டற மாதிரி உட்கார்ந்து இழுக்கணும். மடிச்சு ஓரமா வெச்சுக்கலாமாம்” என்றார்.

“ஏங்க, மறுபடியுமா?” அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல்.

“போன தடவை வாங்கினதுல என் புடவை நல்லாத்தான் காய்ஞ்சுது” என்றார் பாட்டி, வெற்றிலையை மடித்துக்கொண்டே.

பாட்டி சொன்னது டிரெட்மில்லை. ஆறு வருடங்களுக்கு முன் 28,000 ரூபாய்க்கு வந்தது. முதல் மாதம் அப்பா ஓடினார். இரண்டாவது மாதம் நடந்தார். மூன்றாவது மாதத்திலிருந்து துண்டும் புடவையும் அதில் காய்ந்தன. கடைசியில் 5,000 ரூபாய்க்கு யாரோ எடுத்துப் போனார்கள்.

இந்த முறை பேச்சு விளையாட்டாகத் தொடங்கவில்லை. போன வாரம் அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு 6.1 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. “இப்போதைக்கு மாத்திரை வேண்டாம். சாப்பாட்டைக் கவனிங்க, தினமும் நடங்க” என்றார் டாக்டர்.

அம்மாவால் எப்போது நடக்க முடியும்? காலை 5 மணிக்கு எழுந்தால் 8 மணி பஸ்ஸைப் பிடிக்கும் வரை அடுப்படி. திரும்பும்போது இருட்டிவிடுகிறது. தெருவில் நாய்கள் கூட்டம். ஐப்பசி, கார்த்திகை என்றால் முழங்கால் அளவு தண்ணீர். “நடங்க” என்ற ஒற்றைச் சொல்லில் இத்தனை தடைகள் இருக்கின்றன. அதனால்தான் வீட்டுக்குள் செய்யும் பயிற்சி பற்றிய பேச்சே வந்தது.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் அப்பாவின் மொபைலை எட்டிப் பார்த்தாள். “அப்பா, நீங்க பார்க்கறதெல்லாம் உங்க உயரத்துக்கு, உங்க வெயிட்டுக்குப் பார்க்கறீங்க. மெஷின் யாருக்கு? அம்மாவுக்குத்தானே?”

கடைக்குப் போகும் முன், ஆப்பைத் திறக்கும் முன், எந்த வீட்டிலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்: இதில் யார் உட்காரப் போகிறார்?

படகு இல்லாத துடுப்பு

1867இல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப்பின் படகுகளை இன்றும் அடையாற்றில் பார்க்கலாம். அந்தப் படகில் அமர்ந்தவர் கையால் மட்டும் துடுப்பு போடுவதில்லை. அவர் உட்கார்ந்திருக்கும் பலகை முன்னும் பின்னும் நகரும். காலை உந்தி, முதுகைச் சாய்த்து, கடைசியில் கையை இழுக்கிறார். அதே அசைவைத் தண்ணீர் இல்லாமல் தருவதுதான் ரோயிங் மெஷின்.

படகுப் போட்டி வீரர்கள் தரையில் பயிற்சி செய்யும் வழக்கம் பழையது. இன்று ஜிம்களில் பரவலாகக் காணப்படும் காற்றுச் சக்கர மெஷினை அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் இரண்டு சகோதரர்கள் தங்கள் கான்செப்ட்2 நிறுவனத்தின் பெயரில் 1981இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். முதல் மாடலில் சுழன்றது சைக்கிள் சக்கரம்தான்.

வீட்டுக்கு இது ஏற்றதா? இரண்டு காரணங்களால் ஆம். தொடை, இடுப்பு, முதுகு, தோள், கை எல்லாம் ஒரே இழுப்பில் வேலை செய்கின்றன. பாதம் பலகையிலிருந்து எழுவதே இல்லை என்பதால், ஓடும்போது மூட்டில் விழும் அதிர்வு இதில் கிடையாது. சுமார் 70 கிலோ எடை உள்ளவர் மிதமான வேகத்தில் அரை மணி நேரம் செய்தால் ஏறக்குறைய 250 கலோரி செலவாகும்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. உட்கார்ந்து செய்யும் பயிற்சி என்பதால், உடல் எடையைத் தாங்கி நடக்கும்போது எலும்புக்குக் கிடைக்கும் பலன் இதில் அவ்வளவு இல்லை. ரோயிங் செய்பவரும் முடிந்த நாட்களில் நடக்கத்தான் வேண்டும்.

எது இழுக்கிறது, எவ்வளவு ஆகும்?

ஆப்பில் ‘ரோயிங் மெஷின்’ என்று தேடினால் 300 ரூபாயிலிருந்து லட்சத்துக்கு மேல் வரை வந்து நிற்கிறது. குழப்பத்துக்குக் காரணம், இழுவை தரும் முறைகள் வெவ்வேறு.

சில நூறு ரூபாய்க்கு வருவது காலில் மாட்டி இழுக்கும் ரப்பர் கயிறு. கைக்கும் வயிற்றுக்கும் சிறு பயிற்சி கிடைக்கும். ஆனால் அதில் நகரும் சீட் கிடையாது. கால் வேலை செய்யாத வரை அது ரோயிங் ஆகாது.

அடுத்தது ஹைட்ராலிக். கதவு மெதுவாகச் சாத்துவதற்கு மேலே பொருத்துவார்களே, அதுபோன்ற எண்ணெய் சிலிண்டர்தான் இதில் இழுவை தருகிறது. பொதுவாக 15,000 ரூபாய்க்குள் கிடைக்கும். நீளம் குறைவு, கட்டிலுக்கடியில்கூடத் தள்ளிவிடலாம். குறை என்ன? தொடர்ந்து செய்யும்போது எண்ணெய் சூடாகி இழுவை தளர்ந்துவிடும். சிலிண்டரைத் தொட்டால் சுடும். நாளாக ஆக எண்ணெய் கசிந்து தரையில் வட்டம் போடலாம். பல மாடல்களில் ரெயில் குட்டையாக இருப்பதால் காலை முழுதாக நீட்ட முடியாது. தினமும் 10 நிமிடம் போதும், இடம் மிகக் குறைவு என்பவர்களுக்கு மட்டும் இது சரி.

மூன்றாவது மேக்னெட்டிக். உள்ளே ஒரு ஃப்ளைவீல் சுழலும். அதன் அருகே காந்தம் வரும்போது இழுவை கூடும், விலகும்போது குறையும். காந்தம் சக்கரத்தைத் தொடுவதே இல்லை என்பதால் உரசல் சத்தம் கிடையாது. குமிழைத் திருப்பி லெவலை மாற்றிக்கொள்ளலாம். மடிக்கும் வசதியோடு பொதுவாக 15,000 முதல் 30,000 ரூபாய்க்குள் வருகிறது. பக்கத்து அறையில் பிள்ளைகள் படிக்கும் வீட்டுக்கும், கீழ் வீட்டில் கைக்குழந்தை இருக்கும் மாடிக்கும் பொருந்துவது இதுதான்.

நான்காவது காற்று. எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ, அவ்வளவு எதிர்ப்பைச் சக்கரம் தரும். விளையாட்டு வீரர்கள் விரும்புவது இதை. ஆனால் டேபிள் ஃபேனை முழு வேகத்தில் வைத்ததுபோல சத்தம் வரும். இடமும் அதிகம் வேண்டும். முழு அளவு மெஷின் ஒன்று 8 அடி நீளம் இருக்கும்.

ஐந்தாவது தண்ணீர்த் தொட்டி. ஆற்றில் துடுப்பு போடும் சத்தமே கேட்கும், இழுக்கச் சுகமாக இருக்கும். தண்ணீரோடு சேர்த்து நகர்த்துவது சிரமம். தண்ணீர் பாசி பிடிக்காமல் இருக்க அவ்வப்போது மாத்திரை போட வேண்டும். காற்று, தண்ணீர் இரண்டும் 20,000 ரூபாய் பட்ஜெட்டைத் தாண்டிவிடும்.

ஆக, நடுத்தரக் குடும்பத்து ஃபிளாட்டில், கையைக் கடிக்காத விலையில், மடித்து வைக்க வேண்டும் என்றால் தேடலை மேக்னெட்டிக் வகைக்குள் சுருக்கிக்கொள்ளலாம். மேக்னெட்டிக் மாடல்களை ஒப்பிடும்போது ஃப்ளைவீலின் எடையைப் பாருங்கள். எடை கூடினால் இழுப்பு வெட்டாமல் வழவழப்பாக வரும். விற்பவர் ஃப்ளைவீல் எடையைச் சொல்லவே இல்லை என்றால் கேட்டு வாங்குவது நல்லது.

அளவு நாடாவை எடுங்கள்

படத்தில் எல்லா மெஷினும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசம் அளவில்தான் தெரியும். நான்கு அளவுகள் முக்கியம்.

முதல் அளவு, கால். சுவரில் முதுகை ஒட்டித் தரையில் உட்கார்ந்து காலை நேராக நீட்ட வேண்டும். சுவரிலிருந்து குதிகால் வரை எத்தனை சென்டிமீட்டர் என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். மெஷினில் சீட்டைக் கடைசி வரை தள்ளினால், குதிகால் வைக்கும் இடத்திலிருந்து சீட்டின் பின்விளிம்பு வரை உள்ள தூரம் இதைவிடக் குறைந்தது 5 சென்டிமீட்டராவது கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தால் காலை முழுதாக நீட்டவே முடியாது. ஒவ்வொரு இழுப்பிலும் சீட் ‘டக்’கென்று முட்டி நிற்கும். வீட்டில் மிக உயரமானவரின் அளவை எடுத்தால் எல்லோருக்கும் பொருந்தும். பட்ஜெட்டில் அது அடங்காவிட்டால், தினமும் உட்காரப் போகிறவரின் அளவே கணக்கு.

இரண்டாவது, சீட்டின் உயரம். விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் சீட் தரையிலிருந்து 8, 10 அங்குலம்தான். 20 வயதில் இது தெரியாது. 45 வயதில், முழங்கால் லேசாக முணுமுணுக்கும் வயதில், பயிற்சி முடிந்து எழுவதே தனிப் பயிற்சியாகிவிடும். சோதிக்க எளிய வழி உண்டு. அதே உயரமுள்ள முக்காலி அல்லது மணையில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து பாருங்கள். சிரமம் என்றால் 14 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள மாடலைத் தேட வேண்டும்.

மூன்றாவது, தாங்கும் எடை. 100, 110, 120 கிலோ என்று போட்டிருப்பார்கள். சீட்டில் உட்கார்பவர் சும்மா இருப்பதில்லை, உந்தி இழுக்கிறார். ஆகவே வீட்டில் பயன்படுத்தும் அதிக எடை உள்ளவரைவிட 15, 20 கிலோ கூடுதலாகத் தாங்கும் மாடல் நல்லது.

நான்காவது, பாதம் வைக்கும் பலகை. சின்னப் பாதத்துக்கும் பெரிய பாதத்துக்கும் ஏற்றபடி நகர்த்த முடிகிறதா, பட்டை உறுதியானதா என்று பார்க்க வேண்டும். பட்டை விரல்களின் அடியில், பாதத்தின் அகன்ற பகுதியைப் பிடிக்க வேண்டும். கணுக்காலைப் பிடித்தால் தவறு.

பல்லாவரம் வீட்டில் மகள் தையல் பெட்டியிலிருந்து நாடாவை எடுத்து வந்தாள். அப்பாவுக்கு 104 சென்டிமீட்டர், அம்மாவுக்கு 94. அடுத்து 9 அங்குல மணை. அதில் உட்கார்ந்த அம்மா, கதவைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். அப்பா தேர்ந்தெடுத்து வைத்திருந்த மாடலின் சீட் உயரமும் 9 அங்குலம். “நல்லவேளை, ஆர்டர் போடலை” என்று அப்பா அதை நீக்கினார்.

மடிப்பது என்றால் என்ன?

‘மடிக்கலாம்’ என்ற சொல்லுக்கு மூன்று அர்த்தங்கள் உண்டு. சில மெஷின்களில் ரெயில் மட்டும் மேலே எழும்பி ஒரு பின்னில் பூட்டிக்கொள்ளும். சிலவற்றை அப்படியே செங்குத்தாக நிமிர்த்தி வைக்க வேண்டும். சிலவற்றை இரண்டாகப் பிரித்துத் தனித்தனியே வைக்கலாம். ரெயில் எழும்பும் மேக்னெட்டிக் மாடல் விரித்த நிலையில் சுமார் 6 முதல் 6.5 அடி நீளம் பிடிக்கும். மடித்தால் ஏறக்குறைய 3 அடிக்கு 2 அடி இடம் போதும். உயரம் மட்டும் கூடும்.

வாங்கும் முன் தரையில் செய்தித்தாளை விரித்து இரண்டு அளவையும் போட்டுப் பார்ப்பது நல்லது. விரித்த நிலையில் பின்னால் சாயவும் கையை அசைக்கவும் இடம் இருக்கிறதா? அலமாரிக் கதவு திறக்கிறதா? நிமிர்த்தினால் ஃபேனில் இடிக்காதா?

அடுத்தது எடை. இந்த மெஷின்கள் 20 முதல் 30 கிலோ வரை இருக்கும். அடியில் சக்கரம் இருந்தால் சாய்த்து உருட்டிவிடலாம். சக்கரம் இல்லாத மெஷின், மடிக்கும் மெஷினாக இருந்தும் மடிக்கப்படாத மெஷினாகிவிடும். தினமும் பயன்படுத்தப் போகிறவர், யாரையும் கூப்பிடாமல், ஒரு நிமிடத்துக்குள் விரிக்கவும் மடிக்கவும் முடிய வேண்டும். அது முடியாவிட்டால் பத்தாவது நாள் அது மூலைக்குப் போகும். பதினைந்தாவது நாள் அதன்மேல் துண்டு விழும்.

குழந்தைகள் உள்ள வீட்டில் பூட்டும் பின் கட்டாயம். மடிப்பு மூட்டிலும் சீட்டின் உருளைகளுக்கு இடையிலும் பிஞ்சு விரல் மாட்டிக்கொள்ளும். செங்குத்தாக நிமிர்த்தி வைப்பது என்றால் சுவர் மூலையில், குழந்தை பிடித்து இழுத்தாலும் சாயாதபடி கட்டி வைக்க வேண்டும்.

கடையில் நேரில் பார்க்க முடிந்தால் மடிப்பு மூட்டைப் பிடித்து பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். புதிதிலேயே ஆடினால் ஆறு மாதத்தில் கிரீச்சிடும்.

எதற்குப் பணம் கொடுக்க வேண்டாம்?

சின்னத் திரையில் நேரம், இழுப்பு எண்ணிக்கை, நிமிடத்துக்கு எத்தனை இழுப்பு ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும். அதில் காட்டும் கலோரியைத் துல்லியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 8 லெவலா 16 லெவலா என்பதும் பெரிய விஷயமில்லை. பெரும்பாலானவர்கள் இரண்டு மூன்று லெவல்களுக்குள்தான் வருடக்கணக்கில் செய்வார்கள். மொபைல் ஆப்போடு இணைக்கும் வசதி இருந்தால் நல்லது. அதற்காக ஐயாயிரம் கூடுதலாகக் கொடுப்பதைவிட, அந்தப் பணத்தை நீளமான ரெயிலுக்கும் உயரமான சீட்டுக்கும் கொடுப்பது மேல்.

தனியாகச் செலவழிக்க வேண்டியது ஒரு ரப்பர் விரிப்புக்கு. டைல்ஸ் தரையில் மெஷின் நழுவாது. சீட் உருளும் அதிர்வு கீழ் வீட்டுக்கும் அவ்வளவாகப் போகாது.

ஆர்டர் போடும் முன்

ஒரே மெஷின் நான்கு பெயர்களில், நான்கு விலைகளில் ஆன்லைனில் இருக்கும். படங்களை அருகருகே வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். அப்போது விலையை மட்டும் பார்க்காமல், வாரன்டியையும் உதிரி பாகம் கிடைப்பதையும் ஒப்பிட வேண்டும்.

‘ஒரு வருட வாரன்டி’ என்றால் எதற்கு என்று கேளுங்கள். இரும்புச் சட்டத்துக்கு ஒரு காலம், இழுக்கும் பட்டைக்கும் சீட் உருளைக்கும் வேறொரு காலம் என்று இருக்கும். முதலில் தேய்வதும் அறுவதும் பட்டையும் உருளையும்தான். அவை தனியாகக் கிடைக்குமா, ஊரில் சர்வீஸ் ஆள் வருவாரா, மெஷினைப் பூட்டித் தர வருவார்களா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கினால் பிறகு சண்டை இல்லை.

விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரம் போட்டவர்களில் பலர் பெட்டியைப் பிரித்த அன்றே எழுதியிருப்பார்கள். மூன்று நட்சத்திரம் போட்டவர்களைப் படியுங்கள். ஆறு மாதம் ஓட்டியவர் எழுதியது என்றால் இன்னும் நல்லது.

பெரிய பொருள்களுக்குத் திருப்பி அனுப்பும் விதி வேறாக இருக்கலாம். பணம் கட்டும் முன் அதைப் படித்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்க வேண்டும். திருப்பி அனுப்பும் நாள் முடியும் வரை அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போடக் கூடாது. லிஃப்ட் இல்லாத வீட்டுக்கு மாடி ஏற்றித் தருவார்களா என்றும் முதலிலேயே கேட்க வேண்டும். பிரச்னை வந்து விற்றவர் கைவிரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம்.

பழைய மெஷின் பாதி விலைக்குக் கிடைத்தால்? தாராளமாகப் பார்க்கலாம், ஏனென்றால் பல வீடுகளில் அது புதிதாகவே தூங்குகிறது. ஆனால் பத்து நிமிடம் உட்கார்ந்து இழுத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பட்டையில் நூல் பிரிந்திருக்கிறதா, ரெயிலில் கீறல் பள்ளமாக இருக்கிறதா, லெவலை மாற்றினால் உண்மையிலேயே இழுவை மாறுகிறதா என்று கவனியுங்கள்.

கால், முதுகு, கை… கை, முதுகு, கால்

ரோயிங் செய்து முதுகு பிடித்துக்கொண்டது என்று சொல்பவர்களில் பலர் அதைக் கை வேலையாக நினைத்து, முதுகை வளைத்து இழுத்தவர்கள். உண்மையில் பாதிக்கும் மேற்பட்ட பலம் காலிலிருந்து வர வேண்டும்.

தொடக்க நிலையில் முழங்கால் மடிந்து, கை நேராக நீண்டு, முதுகு நிமிர்ந்து இடுப்பிலிருந்து சற்றே முன்னால் சாய்ந்திருக்கும். முதலில் காலால் பலகையை உந்த வேண்டும். கால் ஏறக்குறைய நீண்டதும் முதுகு சற்றே பின்னால் சாய வேண்டும். கடைசியில்தான் கை மடங்கி, கைப்பிடி விலா எலும்பின் கீழ்ப்பகுதிக்கு வரும். திரும்பும்போது இதற்கு நேர்மாறு. முதலில் கை நீள வேண்டும், பிறகு உடல் முன்னால் வர வேண்டும், அதன் பிறகே முழங்கால் மடிய வேண்டும். கைப்பிடி முழங்காலைத் தாண்டும் முன் காலை மடித்தால் கை முட்டியில் இடிக்கும். வரிசை தவறியதற்கு அதுவே அடையாளம்.

இழுப்பதற்கு ஒரு பங்கு நேரம் என்றால் திரும்பி வருவதற்கு இரண்டு பங்கு. ‘ஒன்று’ என்று இழுத்து, ‘இரண்டு, மூன்று’ என்று திரும்பலாம். நிமிடத்துக்கு 18 முதல் 24 இழுப்பு போதும். இழுக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும், அடக்கக் கூடாது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல் விரல்களைக் கொக்கிபோல மாட்டினால் போதும்.

முதல் வாரம் வாரத்துக்கு நான்கு நாள், தினம் 5 நிமிடம், குறைந்த லெவல். இரண்டாவது வாரம் 8 நிமிடம். மூன்றாவது வாரம் நடுவில் ஒரு நிமிட ஓய்வோடு 12. நான்காவது வாரம் அதேபோல 15 முதல் 20 நிமிடம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு. ரோயிங், நடை எல்லாம் சேர்த்து மெதுவாக அந்த எண்ணிக்கையை எட்டலாம்.

இதயப் பிரச்னை, முதுகுத் தண்டுவட வட்டு விலகல், சமீபத்தில் அறுவை சிகிச்சை, கர்ப்பம் இவற்றில் ஏதாவது இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களும் அப்படியே, பயிற்சியின்போது சர்க்கரை இறங்கிவிடலாம். முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் சீட்டை முழுதாக முன்னால் கொண்டுவராமல் பாதித் தூரத்தில் நிறுத்திச் செய்யலாம். வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

பராமரிப்பு அதிகமில்லை. பயிற்சி முடிந்ததும் கைப்பிடியில் வியர்வையைத் துடைப்பது, வாரம் ஒருமுறை ரெயிலை உலர்ந்த துணியால் துடைப்பது, மாதம் ஒருமுறை நட்டுகளை இறுக்குவது. அவ்வளவுதான்.

அடுப்பை யார் பார்ப்பது?

பல்லாவரம் வீட்டில் அன்று மாலைக்குள் பட்டியல் மூன்று மாடல்களாகச் சுருங்கியது. எல்லாமே மேக்னெட்டிக், சீட் உயரம் 14 அங்குலத்துக்கு மேல், அடியில் சக்கரம். அப்பாவின் 104 சென்டிமீட்டருக்கும் பொருந்தும் ரெயில் கொண்டது ஒன்று 19,000 ரூபாய்க்கு இருந்தது. ஹாலில் செய்தித்தாள் விரித்து அளந்தார்கள். டிவிக்கு எதிரே விரிக்கலாம், பீரோ பக்கத்தில் நிறுத்தலாம்.

அப்பா ‘வாங்கு’ பட்டனை அழுத்தப் போகும்போது பாட்டி கேட்டார்.

“இடம் அளந்தாச்சு, காலை அளந்தாச்சு. நேரத்தை யாருடா அளந்தது? அவ ஆபீஸ்லேர்ந்து ஏழு மணிக்கு வந்தா நேரா அடுப்படிக்குத்தான் போறா. அந்த இருபது நிமிஷம் அடுப்பை யார் பார்ப்பா?”

ஹாலில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. டிரெட்மில் ஏன் துணி காய்ந்தது என்பதற்கு அதுவரை சொன்ன காரணமெல்லாம் அப்பாவின் சோம்பேறித்தனம்தான். அம்மா அதில் ஒரு நாள்கூட ஏறவில்லை என்பதும், ஏற நேரம் கிடைக்கவில்லை என்பதும் அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

“நான் பார்த்துக்கறேம்மா” என்றார் அப்பா. “தோசை ஊத்தத் தெரியும். சட்னி அரைக்கறது அவ்வளவு கஷ்டமா என்ன?”

“வாரத்துல ரெண்டு நாள் நான்” என்றாள் மகள்.

“தேங்காய் நான் துருவித் தரேன், உட்கார்ந்துண்டு செய்யற வேலைதானே” என்றார் பாட்டி.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நாடாவைச் சுருட்டித் தையல் பெட்டியில் வைத்தார். பிறகு காலண்டரை எடுத்து, திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி ஆகிய கிழமைகளில் 7.15 என்று பென்சிலால் குறித்தார்.

அதன் பிறகுதான் ஆர்டர் போனது. துணி காயப்போட, பால்கனியில் புதிதாக ஒரு கொடிக் கயிறும் கட்டியாகிவிட்டது.